பாவடித் திடலில் ஒரு மாலை



ஈரோட்டிலிருந்து வெள்ளோடு வழியாகச் சென்னிமலைக்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் ஒருமுறை பயணம் செய்ய வேண்டும். பருவம் வாய்த்திருந்தால் வெள்ளோட்டு ஏரியில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டமாய் இறங்கியிருப்பதைக் காணலாம். 2022 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீர்நிலை அது. ஏரியைக் கடந்தபின் கிளுவை வேலியிட்ட மேட்டுக்காடுகளும் பனைகளுமாகச் சிறிது தொலைவு. அப்பால், சமவெளியில் யாரோ கொண்டுவந்து இறக்கி வைத்தாற்போல ஒரு மலை. அம்மலையின் பெயரே அடிவாரத்து ஊருக்கும் பெயர். மேலே முருகன் கோயில். அதற்கு 1320 படிகள். இந்துச் சகோதரர்கள் நெடுந்தொலைவிலிருந்தும் வந்து ஏறுகிறார்கள். நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பது படிகளுக்குக் கீழே இருக்கும் ஊருக்கு.

பேருந்தை விட்டிறங்கி இரண்டு தெரு உள்ளே நடந்தால், கண்ணுக்கு முன்னே காது அவ்வூரை அறிந்துகொள்ளும். ஒரு வீட்டில் கைத்தறி நிதானமாகத் தட்டும். அடுத்த தெருவில் விசைத்தறி மூச்சுவிடாமல் இரையும். திருப்பூரில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு 1932 சனவரி 11 இல் உயிர்நீத்த குமரன், 1904 இல் பிறந்தது இவ்வூர் நெசவாளர் குடும்பம் ஒன்றில்தான். மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, கல்மணிகளும் இரும்புருக்கு உலைகளும் மட்டுமன்றி நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. ஆக, நூலுக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. இன்று சென்னிமலை என்றாலே போர்வையும் படுக்கை விரிப்பும்தாம். பத்மஸ்ரீ எம்.பி. நாச்சிமுத்து போன்றோர் வளர்த்தெடுத்த நெசவாளர் கூட்டுறவு இயக்கம் அப்பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. உங்கள் வீட்டுக் கட்டிலில் கிடக்கும் கட்டம்போட்ட விரிப்பும் இவ்வூர்த் தறியில் இறங்கியதாக இருக்கக்கூடும்.

எனினும் நான் சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. கல்லூரியில் என்னுடன் படித்த நண்பர் ஒருவர் அங்கே போர்வை வியாபாரம் செய்கிறார். கடந்த குளிர்காலத் தொடக்கத்தில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், நீங்க ஒருநடை வரணும். வந்து எங்க அத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லணும். இல்லாவிட்டால் என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லணும். யாரிடம் சொல்வதென்று நீங்களே முடிவு செய்துக்குங்க."

செய்தி இதுதான். மகள் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. கைப்பந்து ஆடுபவள். பல்கலைக்கழக மகளிர் அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அண்டை மாநிலம் ஒன்றில் நடக்கும் தென்மண்டலப் போட்டிக்கு அணியுடன் செல்ல வேண்டும். போக, வர, ஆட எல்லாமாகப் பத்து நாள். "கூடாது" என்கிறார் நண்பரின் தந்தை. "போவேன்" என்று அவள் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "வேண்டாம்" என்ற சொல்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் பேருந்து ஏறினேன்.

பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர். ஐம்பது ஆண்டுக் காலம் நெசவாளர் வீடுதோறும் சென்று போர்வைகளை வாங்கி, மூட்டை கட்டி, இரயிலேறிக் கேரளத்துக்கும் பம்பாய்க்கும் கொண்டுபோய் விற்றவர். நெசவுக் கூடத்தில் ஒரு விரிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாரென்றால், கரையில் ஓர் இழை தப்பியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பார்கள்.

"ஹஜ்ரத், நான் படிக்காதவன். ஆனால் இரயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று தொடங்கினார். "வயசுப் பெண்ணைப் பத்து நாள் இரயிலிலும் அயலூரிலும் விடச் சொல்றாங்க. போனவாரம் திடலுக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளை மண்ணில் விழுந்து உருளுறாள். விழுந்து உருளுவது ஒரு விளையாட்டா?"

பதில் சொல்வதற்கு முன், அந்த விளையாட்டை நான் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அஸ்ர் தொழுகையை முடித்துக்கொண்டு நண்பருடன் திடலுக்குச் சென்றேன்.

நெசவாளர் ஊர்களில் பாவை நீள விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்துவதற்கென்று விடப்பட்ட வெளிக்குப் பாவடி என்று பெயர். முன்பெல்லாம் காலை வெயிலில் அங்கே பாவு கிடக்கும். மாலையில் பிள்ளைகள் கூடுவார்கள். இப்போது பெரும்பாலும் கஞ்சியேறிய பாவாகவே வந்துவிடுவதால், அத்தகைய வெளிகளில் நாள் முழுவதும் பிள்ளைகள்தாம். நாங்கள் சென்ற திடலும் அப்படிப்பட்டது. செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவே வலை. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த கல்லூரிப் பெண்களும் பள்ளிப் பெண்களுமாகப் பன்னிருவர். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் கையில் விசிலுடன் நின்றார். ஊதியம் ஏதுமின்றி ஞாயிறுதோறும் வந்து கற்றுத் தருகிறாராம். சுற்றிலும் பழைய போர்வைகளைத் தைத்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். பந்து சாலைக்கு ஓடாமலிருக்க என்றார்கள். எனக்கு அது வேறொரு வகையிலும் பிடித்திருந்தது.

நண்பரின் மகளை அடையாளம் காண்பதில் சிரமமில்லை. தலையையும் கழுத்தையும் மறைத்து இறுகக் கட்டிய துணி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை தளர்ந்த காற்சட்டை, அதன்மேல் முழங்கால் தாண்டிய மேலாடை. அணியிலேயே உயரம் குறைந்தவளும் அவள்தான். மற்றவர் நீலச் சட்டை அணிந்திருக்க, அவள் மட்டும் மஞ்சள். வேறுபடுத்திக் காட்டத்தான் அந்நிறமோ என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பின்னர்தான் அறிந்தேன்: அது ஆட்ட விதி. "லிபரோ" என்றொரு பொறுப்பு. 1998 இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு கொண்டுவந்தது. அந்தப் பொறுப்பில் இருப்பவர் வலையருகே எழும்பி அடிக்கக்கூடாது, தடுக்கக்கூடாது; பின்வரிசையில் நின்று, எதிரணி அடிக்கும் பந்து தரையைத் தொடாமல் காக்க வேண்டும். நடுவர் எளிதில் கண்டுகொள்ளவே தனி நிறம்.

பெரியவர் சொன்ன உருளலும் அப்போது விளங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நெடிய பெண் ஓங்கி அடித்தாள். பந்து மூலைக் கோட்டை நோக்கிச் சரிந்தது. மஞ்சள் சட்டைக்காரி பக்கவாட்டில் பாய்ந்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலே பந்தைக் கையில் வாங்கி மேலே எழுப்பிவிட்டு, தோள்வழியே உருண்டு, நான் கண்ணிமைப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். என்னையறியாமல் "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டேன். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

இடைவேளையில் அவள் வந்து சலாம் சொன்னாள். பேச்சைத் தொடங்குவதற்காக, "சர்வீஸ் உங்களிடம் இல்லாதபோது எப்படியம்மா உங்களுக்குப் புள்ளி போட்டார்கள்?" என்று கேட்டேன். பணிவாகத்தான் சிரித்தாள். நான் கல்லூரியில் சேர்ந்த நாளில், பந்தைத் தொடங்கி அடிக்கும் அணிக்கு மட்டுமே புள்ளி. 15 எடுத்தால் ஒரு செட். அக்கணக்கு இருபதாண்டுகளுக்கு மேலாக வழக்கில் இல்லையாம். இப்போது யார் தொடங்கினாலும் ஆட்டத்தை வென்றவருக்குப் புள்ளி. 25 இல் செட் முடியும். ஐந்தாவது செட்டுக்கு மட்டும் 15. வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. பந்து கோட்டின் விளிம்பை உரசினாலும் உள்ளே விழுந்ததாகவே கணக்கு. இதையெல்லாம் அவள் எனக்கு ஓதிக் கொடுத்தாள். நான் மாணவனாக நின்று கேட்டேன்.

இந்த ஆட்டத்தின் தோற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1895 இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியர் வில்லியம் மார்கன், கூடைப்பந்தில் ஓடி மூச்சுவாங்கும் நடுவயது வணிகர்களுக்காக ஓர் இலகுவான விளையாட்டை அமைத்தார். வலை இருப்பதால் ஒருவர்மீது ஒருவர் மோத வேண்டியதில்லை. என் வயதுக்காரர்களுக்காக உண்டான ஆட்டத்தைப் பெண்பிள்ளைகள் எடுத்துக்கொண்டு இவ்வளவு கடினமாக்கிவிட்டார்கள்! இந்தியாவுக்கும் அச்சங்கத்தின் வழியாகவே இது வந்தது. சென்னையில் 1920 இல் ஹாரி பக் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியிலிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் ஊர்தோறும் விளையாட்டுகளைக் கொண்டு சென்றனர். இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1951 இல் உருவாயிற்று. மறு ஆண்டே முதல் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது.

கல்லூரிப் பெண்களின் பாதை எப்படி என்பதை உடற்கல்வி ஆசிரியை விளக்கினார். உங்கள் வீட்டிலும் கல்லூரி செல்லும் பெண் இருந்தால் இதை அறிந்துவைப்பது நல்லது. முதலில் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் தமக்குள் மோதும். ஈரோட்டு வட்டாரக் கலைக் கல்லூரிகள் பலவும் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கோவை நிர்மலா, கிருஷ்ணம்மாள், ஈரோட்டுத் திண்டல் வேளாளர், கோபி பி.கே.ஆர். என்று பெண்களுக்கென்றே நடக்கும் கல்லூரிகள் இங்கே நிறைய. அவற்றிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படும். நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலப் போட்டியில் முன்னிற்கும் அணிகள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும். இதையெல்லாம் நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925 இல் தோன்றிய பழைய அமைப்பு. 2020 இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு இன்னொரு வாயில்.

"தென்மண்டலம்தானே, பக்கத்து ஊர்தானே என்று நினைத்துவிடாதீங்க" என்றார் ஆசிரியை. "கேரளத்துப் பெண்களும் இதே மண்டலம்." அவர் சொன்னதன் கனம், தேசியப் போட்டிகளைக் கவனிப்போருக்குத் தெரியும். மகளிர் கைப்பந்தில் கேரளமும் இரயில்வேயும் நெடுங்காலமாக மற்றவர்களுக்கு இடம் விட்டுக்கொடுத்ததில்லை. சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி போன்ற மகளிர் கல்லூரிகளில் அந்த ஆட்டக்காரிகள் உருவாகிறார்கள். பின்னர் இரயில்வே அவர்களுக்கு வேலை கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொள்கிறது. விளையாடியவருக்கு வேலை என்பது வெறும் பேச்சன்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கென 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. நண்பர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வியாபாரி அல்லவா!

கடல் கடந்தால் கதையே வேறு. அமெரிக்காவில் 1972 இல் வந்த ஒரு சட்டம், அரசின் பணத்தைப் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாதென்று விதித்தது; விளையாட்டும் அதற்குள் அடங்கியது. கல்லூரிகளின் தேசியச் சங்கம் 1981 முதல் மகளிர் கைப்பந்துக்கு ஆண்டுதோறும் சாம்பியன் போட்டி நடத்துகிறது. 2023 ஆகஸ்டு 30 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தில் கால்பந்துத் திடல் ஒன்றின் நடுவே வலை கட்டி ஆடியபோது, கல்லூரிப் பெண்களின் அந்த ஆட்டத்தைக் காண வந்தோர் 92,003 பேர். சென்னிமலைத் திடலில் அன்று வேடிக்கை பார்த்தவர் நாங்கள் இருவரும் ஓர் ஆட்டுக்குட்டியும்.

ஆனால் அமெரிக்காவைவிட எனக்கு நினைவில் எழுந்தது ஜப்பான். தறியோசை கேட்டுக்கொண்டே அந்த உருளலைப் பார்த்ததால் இருக்கலாம். ஒசாகாவுக்கு அருகே கைசுகா என்னும் ஊரில் நிச்சிபோ நிறுவனத்துக்கு ஒரு நூற்பாலை இருந்தது. அந்த ஆலையின் பெண் பணியாளர்களைக் கொண்டு ஒரு கைப்பந்து அணி அமைத்தார் ஹிரோபுமி தைமாட்சு என்னும் பயிற்சியாளர். பகலெல்லாம் ஆலை வேலை. அதன்பின் நள்ளிரவு வரை பயிற்சி. தாழ்ந்து வரும் பந்தைப் பாய்ந்தெடுத்து உருண்டு எழும் அந்த முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அவர்களே. 1962 இல் மாஸ்கோவுக்கே சென்று சோவியத் அணியை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றனர். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது, பெரும்பாலும் இவ்வாலைப் பெண்களைக் கொண்ட ஜப்பான் அணி, அக்டோபர் 23 அன்று அதே சோவியத் அணியை வென்று தங்கம் பெற்றது.

இக்கதையைச் சொல்வோர் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். மறுபாதியையும் சொல்வதே நேர்மை. அப்பயிற்சி கொடுமையானது, காயம்பட்ட பெண்களையும் விடாமல் ஆடவைத்ததாக அந்நாளிலேயே கண்டனம் எழுந்தது. பலர் திருமணத்தைத் தள்ளிப்போட்டிருந்தனர். அணித்தலைவி மசாயே கசாய்க்கு, ஒலிம்பிக்குக்குப் பின் அந்நாட்டுப் பிரதமர் சாட்டோவே மாப்பிள்ளை காட்டி, 1965 இல் மணம் நடந்தது. நாட்டுக்கு ஒரு தங்கம் தேவைப்பட்டது. அதற்கு அப்பெண்களின் இளமை விலையாயிற்று. நம் பெண்பிள்ளைகளுக்கு அப்படியொரு பயிற்சியாளர் வாய்க்க வேண்டாம் என்றே நான் துஆ செய்வேன்.

ஆடையைப் பற்றியும் உங்களுக்கு ஐயம் இருக்கும், எனக்கும் இருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில், மிகக் குறைந்த ஆடையுடன் ஆடுவதற்கே பெயர்போன கடற்கரைக் கைப்பந்தில், எகிப்து வீராங்கனை துஆ அல் குபாஷி தலையை மறைத்து, நீண்ட கையும் நீண்ட காற்சட்டையுமாக ஆடினார். உலகமே அப்படத்தைப் பார்த்தது. அதேவேளை, 2020 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி முக்காட்டுடன் ஆட வந்தபோது, முன்அனுமதி இல்லையென்று வெளியேற்றப்பட்டாள். எதிர்ப்பு எழவே, பள்ளி விளையாட்டுகளின் கூட்டமைப்பு அடுத்த ஆண்டே அவ்விதியைத் தளர்த்தியது. சென்னிமலைப் பெண்ணிடம் இதுபற்றிக் கேட்டேன். "ஒரு போட்டியில் நடுவர் கேட்டார், ஹஜ்ரத். ஊசி குத்தியிருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார். ஊசி இருந்தால் அடுத்தவருக்குக் காயம்படுமாம். இல்லை, முடிச்சுத்தான் என்றேன். சரியென்று விட்டுவிட்டார்" என்றாள்.

பயணம் ஒன்றில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதன்முறை அன்னையார் வென்றதையும், பின்னொரு பயணத்தில் நபியவர்கள் வென்று, முந்தியதற்கு இது ஈடாயிற்று என்று மகிழ்ந்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். இதை எடுத்துக்காட்டாத மேடைப் பேச்சு இல்லை. ஆனால், உடன் வந்தோரை முன்னே செல்லச் சொல்லிவிட்டே ஓடினார்கள் என்று வரும் அறிவிப்பை நம் பேச்சாளர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஓட்டமும் இருந்தது, ஒதுக்கமும் இருந்தது. ஆடவர் நிறைந்த பார்வையாளர் வரிசைக்கு முன்னே ஆடுவதில் எனக்கு முழு மனநிறைவு ஏற்பட்டுவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1955 இல் சென்னையில் நீதியரசர் பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி கண்டதும், 1988 இல் கீழக்கரையில் தாசீம் பீவி அப்துல் காதர் கல்லூரி எழுந்ததும் நம் சமுதாயத்தார் கைப்பொருளால் அல்லவா? அத்தகைய நிறுவனங்கள், நாலாபுறமும் சுவரெழுப்பிய ஆடுகளங்களில் பெண்களே நடுவராகவும் பார்வையாளராகவும் இருக்கப் போட்டிகள் நடத்த முன்வந்தால், என்னைப் போன்றோரிடம் இக்கேள்வியே வந்திருக்காது.

மஃரிபுக்குப் பின் நண்பர் வீட்டில் அமர்ந்தோம். பெரியவரும் வந்து அமர்ந்தார். பெண், கதவோரத்தில் தாயுடன் நின்றாள். அவளே முதலில் பேசினாள்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. மாட்ச் அஸ்ர் நேரத்தில் வைத்தால் நான் என்ன செய்யணும்?"

போகலாமா கூடாதா என்று அவள் கேட்கவில்லை, தொழுகையைக் கேட்டாள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த சொல் அப்போதே கசங்கத் தொடங்கிவிட்டது. இராவுத்தர்களாகிய நாம் ஹனஃபி மத்ஹபினர். ஏறத்தாழ 77 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சென்ற ஊரில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமிருந்தால், நான்கு ரக்அத் பர்ளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபினருக்கு உள்ளதுபோல் இரு வேளைத் தொழுகைகளை ஒன்றுசேர்த்துத் தொழும் சலுகை நமக்கில்லை. எனவே, நேரம் நுழைந்தவுடன் ஆட்டத்துக்கு முன்பே தொழுதுவிடு. இயலாவிட்டால் சூரியன் மஞ்சளிக்கும் முன் தொழுதுவிடு. இரண்டே ரக்அத்தான் என்றேன். அவள் தலையசைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் பெரியவர். "அவள் கேட்டதற்குச் சொன்னீங்க. நான் கேட்டதற்கு?"

அவருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். எனவே உள்ளதைச் சொன்னேன். விளையாட்டில் எனக்குத் தடை தெரியவில்லை, ஆடையிலும் தெரியவில்லை. ஆனால் அவ்வளவு தொலைவுக்கு ஒரு பெண் மஹ்ரம் துணையின்றிப் பயணம் போவதை நம் மத்ஹப் அனுமதிப்பதில்லை. ஆசிரியையும் பதினோரு தோழியரும் உடன் வருகிறார்கள் என்பது நல்ல துணைதான். ஆயினும் அது மஹ்ரம் ஆகாது. தந்தையோ சகோதரனோ அதே இரயிலில் சென்று, அதே ஊரில் தங்கி, உடன் திரும்பட்டும். அப்படியானால் நான் தடுக்கமாட்டேன்.

கூடத்தில் அமைதி. அண்ணன் துபாயில் இருக்கிறான். நண்பருக்கோ அது போர்வை விற்கும் பருவம். குளிர்காலத்துப் பத்து நாள் வியாபாரம் என்பது ஆண்டில் பாதி. கடையை மூடிவிட்டுப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கதவோரத்தில் நின்றவள் தரையைப் பார்த்தாள். வழியைத் திறந்துவிட்டதாக எண்ணிய நான், வழியை அடைத்துவிட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வெகுநேரம் கழித்துப் பெரியவர் கேட்டார்: "பாட்டன் மஹ்ரம்தானே, ஹஜ்ரத்?"

"தந்தையைப் பெற்றவர் மஹ்ரம் இல்லாமல் வேறு யார்?"

"அத்தா, உங்களுக்கு முழங்கால் வலி..." என்று நண்பர் இழுத்தார்.

"மூட்டை தூக்கிக்கொண்டா போகப்போகிறேன்?" என்றவர் எழுந்து உள்ளே சென்றார். சற்றுப்பொழுதில் இரண்டு போர்வைகளுடன் வந்தார். ஒன்றைப் பிரித்து விளக்கருகே பிடித்து, கரையை விரலால் நீவிக்கொண்டே போய் மறுமுனை வரை பார்த்தார். "விளையாட வருகிற பிள்ளைகளைத் தரையில்தான் படுக்க வைப்பாங்களாம். டீச்சர் சொன்னாங்க. இது இரட்டை நூல், தாங்கும்" என்று பேத்தியின் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர்கள் இரயிலேறினார்கள். அணி தங்கியது விடுதியில். பெரியவர் தங்கியது பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சிறிய அறையில். இரண்டு ஆட்டம் வென்று, மூன்றாவதில் ஒரு கேரளத்து அணியிடம் தோற்றார்கள். அகில இந்தியப் போட்டி இந்தமுறை இல்லை. செய்தியை எனக்குச் சொன்னவர் பெரியவர்தாம். தோற்ற அன்று இஷாவுக்குப் பின் தொலைபேசி ஒலித்தது. சலாம் சொல்லிவிட்டு, நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தார்.

"ஹஜ்ரத், பந்து கோட்டில் பட்டால் உள்ளேதானே?"

"ஆமாம், விளிம்பை உரசினாலும் உள்ளேதான்."

"அப்படித்தான் பிள்ளையும் சொன்னாள். கடைசி செட்டில் நம்ம பிள்ளைங்க அடித்த பந்து கோட்டில் பட்டுச்சு. கொடி பிடித்து நின்றவர் வெளியே என்று கொடுத்துட்டார். நான் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வருஷம் கரை பார்த்த கண் ஹஜ்ரத் இது! எழுந்து போய் அவரிடமே கேட்டேன். என்னை உட்காரச் சொல்லிட்டாங்க."

பின்னணியில் பெண்கள் சிரிக்கும் ஓசை கேட்டது. "அடுத்த வருஷம் எங்கே வைக்கிறாங்க என்று விசாரித்துக்கிட்டிருக்கேன்" என்றார்.